பெஞ்சமின் ரஷ்ஷை அவர் எழுத்திலேயே வாசிக்க: மூன்று இலவச மின்நூலகங்கள், ஒரு மதிப்பீடு

மருத்துவ வரலாறு, அமெரிக்க விடுதலை, அடிமை ஒழிப்பு, மதுவிலக்கு, மனநல மருத்துவம். இந்த ஐந்தில் எதைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தாலும் பெஞ்சமின் ரஷ் குறுக்கே வந்து நிற்பார். பிலடெல்பியா நகரத்து மருத்துவர். 1776 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஒருவர். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு படிப்பவர்களுக்கும், இங்குள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் அவருடைய நூல்கள் அச்சில் வேண்டுமென்றால் கடல் கடந்துதான் வர வேண்டும். விலையும் கையைக் கடிக்கும். அதனால் ரஷ் என்ற ஒரே ஆளை உரைகல்லாக வைத்து மூன்று இலவசச் சேவைகளை இங்கே உரசிப் பார்த்திருக்கிறோம்: பல நூலகங்களின் நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் (இனி ஆர்க்கைவ்), அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மின்தொகுப்பு, அமெரிக்கத் தலைவர்களின் கடிதங்கள் உள்ள ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்.

தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் எங்கள் முடிவு. ஒரே நிபந்தனை: தேடல் பெட்டி சொல்வதை நம்பாமல் பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ரஷ் விஷயத்தில் சுருக்கக் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு மூலத்துக்கே போவது நல்லது. தன் சிகிச்சை எங்கே தவறியது என்பதற்கான சாட்சியங்களை அவரே தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுருக்கம் எழுதுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அந்தப் பகுதிகளைத்தான்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு உள்ளே போனால் தேடுவது எளிது. 1746 ஜனவரி 4-ல் பிறந்தவர். பழைய நாட்காட்டிக் கணக்கில் 1745 டிசம்பர் 24. எடின்பரோவில் 1768-ல் மருத்துவப் பட்டம். செரிமானம் பற்றி லத்தீனில் எழுதிய ஆய்வேட்டுக்காகச் சாப்பிட்டுவிட்டு வாந்தி மருந்து குடித்து, தன் வயிற்றில் இருந்ததையே எடுத்துச் சோதித்த ஆள். 1769-ல் பிலடெல்பியாவில் வேதியியல் பேராசிரியர். 1783-ல் டிக்கின்சன் கல்லூரி உருவாக முன்னின்றார். அதே ஆண்டு பென்சில்வேனியா மருத்துவமனையில் சேர்ந்து கடைசிவரை அங்கேயே பார்த்தார். 1786-ல் ஏழைகளுக்கான இலவச மருந்தகம், 1787-ல் சிறைச் சீர்திருத்தச் சங்கம் இரண்டிலும் அவர் கை உண்டு. பெண்கல்விக்காகவும் மரண தண்டனைக்கு எதிராகவும் பேசினார். 1797 முதல் நாணயச் சாலையின் பொருளாளர். 1813 ஏப்ரல் 19-ல் இறந்தார்.

இந்தப் பிறப்பாண்டுக் குழப்பம் தேடலிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆர்க்கைவில் வெறும் பெயரை அடித்தால் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது, அவர் பெயரைத் தாங்கிய நிறுவனங்களின் அறிக்கைகள், வேறு ரஷ்கள் என்று எல்லாம் கலந்து கொட்டும். மேம்பட்ட தேடலுக்குப் போய், ஆக்கியோன் கட்டத்தில் குடும்பப்பெயரை முதலில் போட்டு, காற்புள்ளி வைத்து, பெஞ்சமின் என்று எழுதி, 1746-1813 என்று ஆண்டையும் சேர்க்க வேண்டும். பிறகு 1745 என்று மாற்றி இன்னொரு தரம். நூல்களைக் கொடுத்த நூலகங்கள் பல. ஒவ்வொன்றின் அட்டவணைப் பழக்கமும் வேறு. ஊடக வகையில் நூல்கள் என்பதை மட்டும் தேர்ந்தால் பாதிக் குப்பை போய்விடும். ஆண்டு வடிகட்டியை மட்டும் தொட வேண்டாம். பல தொகுதி நூல்களில் முதல் தொகுதியின் ஆண்டே எல்லாத் தொகுதிக்கும் ஏறியிருப்பதும், மறுபதிப்பின் மேல் முதல் பதிப்பின் ஆண்டு இருப்பதும் சகஜம்.

தொகுதி எண்தான் அடுத்த தலைவலி. ரஷ்ஷின் மருத்துவக் கட்டுரைத் திரட்டின் முதல் தொகுதி 1789-ல் வந்தது. பிறகு தொகுதிகள் கூடின, மறுபதிப்புகளில் கட்டுரைகள் இடம் மாறின. ஆர்க்கைவின் பட்டியலில் ஒரே தலைப்பு நாலைந்து முறை நிற்கும்; எது எந்தத் தொகுதி என்று தலைப்பில் இருக்காது. திறந்து தலைப்புப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். தேசிய மருத்துவ நூலகத்தின் தொகுப்பு இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்கு: ஒரு நூலின் தொகுதிகள் சேர்ந்தே நிற்கும், பதிப்பு விவரம் சுத்தமாக இருக்கும், கணக்குத் தொடங்காமலே பிடிஎஃப்பும் எழுத்துரையும் இறக்கலாம். மருத்துவ நூல்களுக்கு அங்கே தொடங்கி, இல்லாததற்கு ஆர்க்கைவுக்கு வருவதே சிக்கனமான வழி. அரசியல், அடிமை ஒழிப்புத் துண்டுப் பிரசுரங்களுக்கு ஆர்க்கைவ்தான் கைகொடுக்கும்.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். 18-ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, பார்ப்பதற்கு எஃப் போலவே இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் இதை எஃப் என்றே படித்துவிடுகிறது. விளைவு: நூலுக்குள் தேடும் பெட்டியில் டிசீஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒன்றுமே வராது அல்லது நாலு இடம் மட்டும் வரும். எஸ் வரும் இரண்டு இடத்திலும் எஃப் போட்டு அடித்துப் பாருங்கள், வரிசையாகக் கொட்டும். சொல்லின் கடைசி எஸ் மட்டும் இன்றைய வடிவிலேயே இருக்கும், அதை மாற்றக் கூடாது. எஸ் இல்லாத சொற்களைத் தேடுவது இதைவிட எளிது; ஃபீவர், பிளட் இரண்டும் ஓரளவு நம்பலாம்.

1800-க்குப் பிறகு அச்சகங்கள் இந்த நீள எஸ்ஸை மெல்லக் கைவிட்டன. அதனால் ரஷ்ஷின் பிற்காலப் பதிப்புகளின் எழுத்துரை வெகு சுத்தம். அதைப் பார்த்து மயங்கிப் பின்பதிப்பிலிருந்தே மேற்கோள் எடுத்துவிடக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று 1794-ல் எழுதியவர், பின்னால் அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1793-ல் அவர் என்ன நினைத்தார் என்று எழுதுகிறவர் 1794 பதிப்பைத்தான் காட்ட வேண்டும். தேடுவதற்குப் பின்பதிப்பு, மேற்கோளுக்கு முன்பதிப்பு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் வேலை ஓடும்.

எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது? முன்னுரையிலிருந்து தொடங்கினால் இரண்டாம் நாளே கை சோர்ந்துவிடும். 1789 தொகுதியில் 1780-ஆம் ஆண்டு பிலடெல்பியா காய்ச்சலைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. அதை முதலில் எடுங்கள். சிறிய கட்டுரை. தலைவலி, முதுகிலும் கைகால்களிலும் முறித்துப் போடுகிற வலி, கண்விழியில் நோவு, சிலருக்குத் தடிப்பு, காய்ச்சல் விட்ட பிறகும் நாள்கணக்கில் விலகாத மனச்சோர்வு. எலும்பை முறிக்கிற காய்ச்சல் என்று ஊர் மக்கள் அதைச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். டெங்குவின் மிகப் பழைய மருத்துவ விவரிப்புகளில் ஒன்றாக இதை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எண்ணுகிறார்கள். 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டிப் படைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரைக்கு அகராதியே வேண்டாம். நோயாளி படுத்திருப்பது கண்ணில் தெரியும். ரஷ்ஷின் பலம் இதில்தான் இருக்கிறது. கட்டிலருகே நின்று பார்த்ததை அப்படியே எழுதத் தெரிந்தவர்.

அடுத்து 1794-ல் வந்த மஞ்சள் காய்ச்சல் நூல். 350 பக்கத்தைத் தாண்டும். 1793 ஆகஸ்ட் முதல் நவம்பர் தொடக்கம் வரை, ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த பிலடெல்பியாவில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ரஷ் ஓடவில்லை. நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் பார்த்தார். கூடப் பிறந்த சகோதரியும் வீட்டில் தங்கிப் படித்த மாணவர்கள் சிலரும் அந்த நோயிலேயே போனார்கள். தானும் படுத்து எழுந்தார். இந்தத் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது. அவர் கொடுத்த மருந்து வேறு கதை.

சித்த மருத்துவம் படிக்கிறவர்களுக்கு இந்த நூலின் மருந்துப் பக்கங்கள் மற்ற யாரையும்விட நன்றாகப் புரியும். நூலில் அளவு கிரெயின் கணக்கில் இருக்கும். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம், நம் கணக்கில் ஓர் உளுந்தெடை. இரண்டு கிரெயின் ஒரு குன்றிமணி. ரஷ் கொடுத்த வேளை மருந்து 10 கிரெயின் கேலமெல், 15 கிரெயின் ஜலாப். கேலமெல் என்பது நம் பூரம், பாதரசம் சேர்ந்த உப்பு. ஜலாப் மெக்சிகோவில் விளையும் ஒரு கொடியின் கிழங்கு, நம் சிவதையின் சொந்தக்காரன். அதே பேதி வேலை. ஆக ஒரு வேளைக்கு 5 குன்றி பூரமும் 7½ குன்றி பேதிக் கிழங்கும். அதை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், நாலைந்து முறை வயிறு போகும்வரை கொடுத்தார். மூன்று வேளை உள்ளே போனால் பூரம் மட்டும் 15 குன்றி, அதாவது 2 கிராமுக்குப் பக்கம். பூரத்தைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது, அளவு தப்பினால் வாய் வெந்து ஈறு வீங்கும் என்று முதலாண்டிலேயே படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். எச்சில் ஊற்றாக வடிவதை மருந்து பிடித்துக்கொண்டதன் அடையாளமாக அந்தக் காலத்து வைத்தியம் கொண்டது. இன்று அதைப் பாதரச நஞ்சின் அறிகுறி என்போம்.

மருந்தோடு நோயாளியின் இரத்தத்தையும் வெளியே எடுப்பது அவர் வைத்தியம். அந்த இரத்தக் கணக்கு இதைவிட மோசம். நூலில் அவுன்ஸ் என்று வருவதை 30 மில்லி என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள். பல நோயாளிகளிடமிருந்து ஐந்து நாளில் 70 முதல் 80 அவுன்ஸ் எடுத்ததாக அவரே எழுதுகிறார். இரண்டே கால் லிட்டர் அளவுக்கு வருகிறது. இங்கே அரசு மருத்துவமனையில் இரத்த தானம் கொடுத்தால் ஒரு தரம் 350 மில்லி எடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வா என்பார்கள்; அதுவும் நோயில்லாத ஆளிடம். வளர்ந்த மனிதனுக்கு உள்ளதே 5 லிட்டர்தான். உடம்பில் உண்மையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு இரத்தம் இருப்பதாக ரஷ் நம்பினார். கணக்கு அங்கேயே இடறியது. நாடி அடங்கி, வலி குறைந்து, நோயாளி அமைதியாகக் கிடப்பதை அவர் குணம் என்று வாசித்தார். இரத்தம் போனால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கிடப்பார்கள். நோய்கள் பலவல்ல, ஒன்றே. இரத்தக் குழாய்களின் இறுக்கமே மூலம் என்ற கொள்கை அவரிடம் இறுகிவிட்டது. அதற்குப் பிறகு கண் பார்த்ததெல்லாம் கொள்கைக்குச் சாட்சியாகவே பட்டது.

இந்த நூலுக்குள் தவறவிடக் கூடாத ஒரு வரி உண்டு. அந்த ஆண்டின் வெயில், வறட்சி, காற்று என்று பருவநிலையைச் சொல்லிக்கொண்டே போகிறவர், கொசுக்கள் வழக்கத்துக்கு மீறி மொய்த்ததையும் குறித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். காரணம் கேட்டால் துறைமுகத்தில் கொட்டி அழுகிய காப்பிக்கொட்டையின் நாற்றத்தைக் காட்டுகிறார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு என்று 1881-ல் கார்லோஸ் ஃபின்லே சொல்ல, 1900-ல் வால்டர் ரீட் குழு சோதித்து உறுதி செய்தது. வீட்டுத் தொட்டியிலும் டயரிலும் தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகிப் பகலில் கடித்து நமக்கு டெங்கு தருவதும் அதே இனம்தான். குற்றவாளியைக் கண்ணால் பார்த்து, எழுதியும் வைத்துவிட்டு, கைகழுவிப் போன பக்கம் அது. ஓசிஆர் தேடலில் இது அகப்படாது, கொசுவுக்கு அன்றைய எழுத்துக்கூட்டலே வேறு. பருவநிலைப் பகுதியைக் கண்ணால் புரட்டினால்தான் கிடைக்கும். தேடல் பெட்டியை நம்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

இதோடு கூட வைத்து வாசிக்க வேண்டியது, 1794-ல் பிலடெல்பியாக் கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் சேர்ந்து வெளியிட்ட சிறு பிரசுரம். கறுப்பினத்தவரை இந்தக் காய்ச்சல் அண்டாது என்று ரஷ் நம்பி, நோயாளிகளைக் கவனிக்கவும் பிணங்களை அடக்கவும் அவர்களை வேண்டிக்கொண்டார். அவர்கள் வந்தார்கள், வேலையைச் செய்தார்கள், அவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கடைசியில் கொள்ளையடித்தார்கள் என்ற பழியும் அவர்கள் தலையில் விழுந்தது. அதற்கு வரவு செலவுக் கணக்கோடு கொடுத்த பதில்தான் அந்தப் பிரசுரம். ரஷ் சொல்லிக் கொடுத்தபடி தாங்களே 800 பேருக்கு மேல் இரத்தம் எடுத்ததாகவும் அதில் வருகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் வாசித்தால் ஒரே தெருவை இரண்டு திண்ணையிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். இந்தப் பிரசுரத்துக்கு ஆர்க்கைவில் ரஷ்ஷின் பெயரில் தேடினால் வராது, அவர்கள் பெயரில்தான் தேட வேண்டும்.

வழக்கு விவகாரத்தையும் தொட்டுவிட்டுப் போகலாம். வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர் ரஷ்ஷின் இரத்த வைத்தியத்தை இதழில் கிழித்துத் தொங்கவிட்டார். ரஷ் அவதூறு வழக்குப் போட்டு, 1799 டிசம்பர் 14-ல் 5,000 டாலர் தீர்ப்பு வாங்கினார். ரஷ் சொல்லிக்கொடுத்த முறைப்படியே தாராளமாக இரத்தம் எடுக்கப்பட்டு வாஷிங்டன் இறந்ததும் அதே நாள். (கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காலக்கோடு போடுகிறவர்களுக்கு உதவும்.) காபெட்டின் எழுத்து ஆர்க்கைவில் நிறையக் கிடக்கிறது, வசவு ரசம் சொட்டும், ஆனால் புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டவர் என்ற வகையில் ஆளை அலட்சியம் செய்ய முடியாது. இறப்புப் பட்டியலைக் காட்டித்தான் கேள்வி கேட்டார்.

மூன்றாவது சேவையான ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் முற்றிலும் வேறு ரகம். 2013-ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பதிப்பகமும் சேர்ந்து திறந்தது. பக்கப் படம் கிடையாது; அறிஞர்கள் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த சுத்தமான எழுத்துரை. அதனால் நீள எஸ் தொல்லையே இல்லை. தேடலும் ஒழுங்காக வேலை செய்யும். எழுதியவர் என்பதில் ரஷ், பெறுநர் என்பதில் ஜான் ஆடம்ஸ் அல்லது ஜெபர்சன், பிறகு ஆண்டு எல்லை. மூன்று சொடுக்கில் கடிதங்கள் தேதி வரிசையில் வந்து நிற்கும். மேற்கோள் காட்ட வேண்டிய முறையையும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரை எழுதும் மாணவருக்கு இது பெரிய உபகாரம்.

இரண்டு கொத்துக் கடிதங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, 1809 அக்டோபர் 17-ல் ரஷ் ஆடம்ஸுக்கு எழுதியது. பேச்சுவார்த்தை அறுந்து கிடந்த முன்னாள் அதிபர்கள் ஆடம்ஸும் ஜெபர்சனும் மீண்டும் சேர்வதாகக் கனவு கண்டதாகச் சொல்லி நூல் விடுகிறார். 1812 ஜனவரி 1-ல் ஆடம்ஸ் ஜெபர்சனுக்கு எழுத, அறுந்தது ஒட்டிக்கொண்டது. நம்மூரில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் செய்கிற வேலையை, கனவு என்ற சாக்கில் கடிதத்தில் செய்திருக்கிறார். ரஷ் எவ்வளவு கெட்டிக்கார அரசியல்வாதி என்பது பிரகடனக் கையெழுத்தைவிட இந்தக் கடிதங்களில் நன்றாகத் தெரிகிறது. மற்றது 1803. மேற்கே ஆய்வுப் பயணம் புறப்படவிருந்த மெரிவெதர் லூயிஸுக்கு யோசனை சொல்லுமாறு பிப்ரவரி 28-ல் ஜெபர்சன் ரஷ்ஷுக்கு எழுதியதும், அதன் தொடர்ச்சியும். ரஷ் கொடுத்த உடல்நல விதிகளோடு, அவருடைய பேதி மாத்திரையும் 50 டஜன் பயணமூட்டையில் ஏறியது. உள்ளே அதே பூரமும் ஜலாப்பும்தான். பிற்காலத்தில் மான்டனாவில் அந்தப் பயணக்குழு தங்கிய ஓரிடத்தை உறுதிப்படுத்தியதில், கழிவுக்குழி மண்ணில் கிடைத்த பாதரசத்துக்கும் பங்கு உண்டு.

இந்தச் சேவையின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற தலைவர்களுக்கு வந்ததும் அவர்களிடமிருந்து போனதும்தான் உள்ளே. 1793 கொள்ளைநோயின்போது ஊரில் இல்லாத மனைவி ஜூலியாவுக்கு ரஷ் எழுதிய கடிதங்கள் அதில் அடங்காது. அந்த இலையுதிர் காலத்தை நாள் நாளாகச் சொல்வது அவைதான். 1951-ல் இரு தொகுதிகளாக அச்சான கடிதத் திரட்டில் அவை உள்ளன. ரஷ்ஷின் முழுக் கடிதத்தையும் இணையத்தில் வாசித்தேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

அடிமைமுறை விஷயத்தில் வாசிப்பவர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அடிமைகளை வைத்திருப்பதைக் கண்டித்து 1773-ல் ரஷ் வெளியிட்ட பிரசுரம் ஆர்க்கைவில் எளிதில் கிடைக்கும், சிறியது, சுள்ளென்று இருக்கும். அதை மட்டும் வாசித்துவிட்டு மாலை போட்டுவிடக் கூடாது. அதற்குப் பிறகு அவரே வில்லியம் கிரபர் என்ற ஓர் அடிமையை வாங்கி, பல ஆண்டு கழித்துத்தான் விடுதலை செய்தார். கறுப்பினத்தவரின் தோல் நிறம் ஒருவகைக் குட்டத்தால் வந்தது என்று ஒரு கட்டுரையும் எழுதினார். அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் 1799 நடவடிக்கைத் தொகுதியில் இருக்கிறது. சமத்துவத்துக்கு வாதாடுவதாக நினைத்தே அதை எழுதினார் என்பதுதான் கொடுமை. ஆக்கியோன் தேடலில் இந்தக் கட்டுரை தனியாக வராது. கழகத்தின் பெயரில் நான்காம் தொகுதியைத் திறந்து உள்ளடக்கத்தில் பார்க்க வேண்டும். பழைய கழக இதழ்களில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் இதே வழிதான்.

1812 மனநோய் நூலுக்கு எந்தப் பிரதியும் போதும்: எழுத்துரை சுத்தம், எஸ் சிக்கல் இல்லை. மனநோயாளியைக் குளிர்ந்த அறையில் பூட்டி வைக்காமல் கணப்பும் குளியலும் வேலையும் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனை நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியவர். தலையை மரப்பெட்டிக்குள் வைத்துக் கை கால் கட்டும் நாற்காலியைச் செய்தவரும் அவரே. அந்த நாற்காலிப் படத்தை நூலுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேசிய மருத்துவ நூலகத்தின் படத் தொகுப்பில் தனியாகக் கிடைக்கும். பொதுவாகவே மடிப்புத் தாளில் அச்சான படமும் அட்டவணையும் ஸ்கேன் செய்யும்போது விரிக்கப்படாமல் போயிருக்கும். ஒரு பிரதியில் இல்லையென்றால் இன்னொரு நூலகத்தின் பிரதியைத் திறக்கவும்.

இறக்குவதில் சில நுணுக்கங்கள். ஆர்க்கைவில் பிடிஎஃப், இபப், எழுத்துரை, ஒவ்வொரு பக்கமும் தனிப்படமாக உள்ள பெரிய ஜிப் என்று பல வடிவம் காட்டும். இபப் தானாக உருவானது. 18-ஆம் நூற்றாண்டு நூலுக்கு அது தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வரும், வேண்டாம். பிடிஎஃப் போதும். ஜிப் கோப்பு சில நூறு மெகாபைட் வரும், ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட வேண்டியிருந்தால் மட்டும். கடன்பெறு என்ற பொத்தான் வந்தால் அது பதிப்புரிமை உள்ள நூல். கணக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு வாங்கிப் படிக்கலாம், இறக்க முடியாது. ரஷ் காலத்து அச்சுக்கு இந்தப் பொத்தான் வரவே கூடாது. வந்தால் நீங்கள் திறந்திருப்பது 20-ஆம் நூற்றாண்டு மறுஅச்சு. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் ஆர்க்கைவ் நாள்கணக்கில் முடங்கிப் போனது. தேர்வுக்கு முந்தின வாரம் இணைப்பை நம்பி உட்காராமல், வேண்டிய நூல்களைப் பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்வது புத்தி.

பக்க எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்க்கைவின் முகவரிப் பட்டையில் என் (n) என்ற ஆங்கில எழுத்தோடு வரும் எண் அட்டையிலிருந்து எண்ணிய ஏட்டின் எண். அச்சுப் பக்க எண் வேறு. அடிக்குறிப்பில் அதைப் போட்டால் வழிகாட்டிப் பேராசிரியர் புரட்டிப் பார்க்கும்போது வேறு பக்கம் வரும். பக்கத்தின் தலையில் அச்சாகியுள்ள எண்ணை மட்டும் எழுதுங்கள்.

தாளில் வேண்டும் என்பவர்களுக்கு: பாளையங்கோட்டையில் கல்லூரிகளைச் சுற்றி ஜெராக்ஸ் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோப்பை அப்படியே கொடுத்தால் பழுப்பேறிய தாளின் நிறமும் சேர்ந்து அச்சாகி, பக்கம் முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி வரும், எழுத்து மங்கும். கறுப்பு வெள்ளை என்று மட்டும் சொன்னால் போதாது. பின்னணியை நீக்கி, எழுத்து முறையில் வைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு பக்கம் மாதிரி எடுத்துப் பாருங்கள். அந்தக் காலப் பக்கம் சிறியது. ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து ஒரு புறத்துக்கு இரண்டு பக்கம் அடித்தாலும் கண்ணுக்கு வசதிதான். 360 பக்கம் 180 புறமாகி, இருபுறமும் அடித்தால் 90 தாளில் முடியும். ஸ்பைரல் போடுகிற ஓரத்தில் இடம் விட்டு அடிக்கச் சொல்லாவிட்டால் துளை எழுத்தின் மேலேயே விழும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பினால் சுருங்கி, அடிக்குறிப்பு எழுத்தெல்லாம் புள்ளியாகிவிடும்.

கைப்பேசியிலேயே வாசிக்கிறவர்கள் இரட்டைப் பக்கக் காட்சியை ஒற்றைப் பக்கமாக மாற்றிக்கொள்ளட்டும். தமிழாக்கக் கருவிகளை ஆர்க்கைவ் எழுத்துரையின் மேல் ஓட்ட வேண்டாம். எஸ்ஸெல்லாம் எஃப்பாக இருக்கிற ஆங்கிலத்தைத் தின்றுவிட்டு அது கக்குவதைப் படிக்க முடியாது. ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் கடிதங்களிலும் 1812 நூலிலும் ஓட்டினால் பொருள் பிடிபடும் அளவுக்கு வரும், அளவுகளையும் மருந்துப் பெயர்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பூரத்தைக் கற்பூரம் என்று அது எழுதிவிட்டால் கட்டுரையே கவிழ்ந்துவிடும்.